பூட்டும் பழுதும்: ஒரு விளையாட்டுப் பெட்டியை முன்வைத்து

1

வீடியோ கேம் பற்றி ஒரு சிற்றிதழில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. 'சின்னப் பசங்க சமாச்சாரம்' என்பார்கள். கொஞ்சம் அரசியல் பேசுகிறவர்கள் 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரு தரப்பும் செய்கிற காரியம் ஒன்றுதான்: பெட்டியைத் திறக்காமலே தீர்ப்பு எழுதுவது.

திறந்து பார்க்கிறவர்கள் வேறு. முப்பது நாற்பது வருஷப் பழைய ஆட்டப் பெட்டிகளைத் தேடி வாங்கி, திருகாணி கழற்றி, பழுது பார்த்து, மாற்றியமைத்து ஓடவைக்கிற ஒரு கூட்டம் உலகமெங்கும் இருக்கிறது. பெரும்பாலும் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் அகப்படும் கேள்விகள் பொழுதுபோக்கானவை அல்ல. காசு கொடுத்து வாங்கிய பொருள் யாருடையது? அதைத் திறக்கும் அறிவு யாருக்கு அனுமதிக்கப்பட்டது? ஒரு காலத்தின் நினைவைக் காப்பாற்றுவது உரிமையாளரா, நகலெடுப்பவரா? இந்தக் கேள்விகளை ஒரு பெட்டியையும் அதனுள் இருக்கும் ஒரு சில்லையும் அந்தச் சில்லின் நான்காவது காலையும் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

அமெரிக்காவில் 1977இல் வந்த அட்டாரி 2600 பெட்டிக்குப் பூட்டு கிடையாது. நம் ஊரில் 'கேசட்' என்று வழங்கிய கார்ட்ரிட்ஜை யார் செய்தாலும் அது ஓடும். ஆனால் தொடக்கத்தில் அட்டாரியைத் தவிர வேறு யாரும் செய்யவில்லை. ஆட்டத்தை எழுதிய நிரலாளரின் பெயரைப் பெட்டியில் போடாமல், விற்பனையில் பங்கும் தராமல் இருந்ததால் அங்கிருந்து வெளியேறிய சிலர் 1979இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அட்டாரி வழக்குப் போட்டது. 1982இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது. ஆளாளுக்குக் கேசட் தயாரித்துக் கடைகளில் கொட்டினார்கள். 1983இல் சந்தை சரிந்தது. விற்காத சரக்கை அட்டாரி நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. புதைக்கப்பட்டவை 7 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது.

இந்தச் சரிவை எப்படி வாசிப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. தேவைக்கு மேல் உற்பத்தி செய்தார்கள், கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள், வீட்டுக் கணினிகள் போட்டிக்கு வந்தன. அதாவது மூலதனத்துக்கு வழக்கமாக வருகிற மிகை உற்பத்தி நோய். ஆனால் தொழில்துறை அதை வேறு மொழியில் எழுதிக்கொண்டது: 'கண்டவனும் ஆட்டம் செய்தான், தரம் கெட்டது, சந்தை போச்சு.' நெருக்கடிக்குக் காரணம் திறந்த கதவு என்று ஆனபின் தீர்வு தானாகவே வந்துவிடுகிறது. கதவுக்குப் பூட்டுப் போட வேண்டும்.

ஜப்பானில் நிண்டென்டோ 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற சிவப்பு வெள்ளைப் பெட்டியிலும் பூட்டு இல்லை. அதே இயந்திரம் 1985இல் நியூயார்க்கில் சோதனை விற்பனைக்கு வந்தபோது என்இஎஸ் என்று பெயர் மாறியிருந்தது. உடலும் மாறியிருந்தது. வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் முகம் சுளித்த காலம் என்பதால் அதை வீடியோ கேசட் பிளேயர் போல வடிவமைத்தார்கள்; மேலிருந்து செருகவேண்டிய கேசட்டை முன்பக்கக் கதவு வழியாகத் தள்ளி, கீழே அமுக்க வேண்டியதாயிற்று. உள்ளே இரண்டு சங்கதிகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. ஒன்று, 72 கால்கள் கொண்ட வில்போன்ற இணைப்பான். இன்னொன்று, 10என்இஎஸ் என்ற நிரல் எழுதப்பட்ட ஒரு சிறிய சில்லு. நம் கதை இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நடக்கிறது.

3

பூட்டின் வேலை எளியது. பெட்டிக்குள் ஒரு சில்லு, ஒவ்வொரு கேசட்டுக்குள்ளும் அதே மாதிரி ஒரு சில்லு. இரண்டிலும் ஒரே நிரல். மின்சாரம் வந்தவுடன் இரண்டும் ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கி, ஒன்றுக்கொன்று எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் நினைப்பதை நீயும் சொல்கிறாயா என்று பெட்டிச் சில்லு ஒவ்வொரு கணமும் சரிபார்க்கும். ஒத்துவந்தால் ஆட்டம் நடக்கும். ஒத்துவராவிட்டால் பெட்டியின் மூளையை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நொடிக்கு ஒருமுறை இப்படி நடப்பதால் முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், திரையும் கூடவே மினுக்கும்.

கேசட் சில்லை நிண்டென்டோ மட்டுமே செய்யமுடியும். எனவே ஆட்டம் எழுதுகிற ஒவ்வொரு நிறுவனமும் அதன் வாசலில் வந்து நின்றது. வருஷத்துக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் வெளியிடக் கூடாது. கேசட்டை நிண்டென்டோவிடமே காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தை இரண்டு வருஷம் வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. இவைதான் நிபந்தனைகள். கூடவே பூகோளமும் பூட்டப்பட்டது. அமெரிக்காவுக்கு ஒரு சாவி, ஐரோப்பாவுக்கு வேறு. ஐரோப்பியச் சந்தையையே இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு சாவி. 1989 ஜனவரியில் இந்த அமைப்புக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

நாம் ஃபூக்கோவை முன்வைத்துக் கண்காணிப்பு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கோபுரத்தில் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலேயே கைதி தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிற சிறை நமக்கு நன்றாகத் தெரியும். இந்தச் சில்லு அதிலிருந்து சற்று விலகியது. இதில் கோபுரமும் இல்லை, ஆளும் இல்லை, மனசை மாற்றுகிற முயற்சியும் இல்லை. பொருளை வாங்கியவன் வீட்டில், அவன் மின்சாரத்தில், அவன் பெட்டிக்குள்ளேயே நின்றுகொண்டு உற்பத்தியாளனின் பிரதிநிதி ஒருவன் ஓயாமல் அத்தாட்சி கேட்கிறான். பொருள் கைமாறிவிட்டது, அதன் மீதான அதிகாரம் கைமாறவில்லை.

4

இனி பழுது. வருஷங்கள் ஓட ஓட அந்த 72 கால் இணைப்பானின் வில்கள் தளர்ந்துபோகும். கேசட்டின் செப்புப் பற்களில் அழுக்கு படியும். எண்கள் பரிமாறுகிற கம்பிகளில் ஒரு கணம் தொடர்பு விட்டுப்போனால் போதும், பெட்டிச் சில்லுக்குச் சந்தேகம் வந்துவிடும். உண்மையான கேசட், முறையாக வாங்கியது, ரசீதுகூட இருக்கலாம். ஆனாலும் சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு தலைமுறையே கேசட்டைக் கழற்றி வாயால் ஊதியது இதனால்தான். ஊதுவதால் பெரிய பயன் இல்லை. எச்சிலின் ஈரம் நாளடைவில் உலோகத்தை அரிக்கவே செய்யும். திரும்பச் செருகும்போது பற்கள் வேறு விதமாக உட்காருவதுதான் வேலை செய்தது. ஊதியதுக்குப் பேர் வந்தது, அவ்வளவுதான்.

இங்கு கவனிக்க வேண்டியது, திருட்டுக் கேசட்டுக்கும் தேய்ந்துபோன இணைப்பானுக்கும் பெட்டி காட்டுகிற அறிகுறி ஒன்றேதான் என்பது. பழுதும் குற்றமும் இயந்திரத்தின் மொழியில் ஒரே சொல்லாகிவிட்டன. உண்மையில் கள்ளக் கேசட் செய்தவர்கள் சீக்கிரமே வழி கண்டுபிடித்தார்கள். கேசட்டிலிருந்து ஒரு எதிர்மின் துடிப்பை அனுப்பிப் பெட்டிச் சில்லை ஒரு கணம் மயங்கவைத்தார்கள். பூட்டு கடைசியில் அதிகம் தண்டித்தது நேர்மையாக வாங்கிய குழந்தைகளைத்தான்.

எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர் சொல்வார்: "ரிப்பேர்னா முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேக்கணும் சார். தட்டிப் பாக்குறதெல்லாம் அப்புறம்." என்இஎஸ் பழுது பார்ப்பவர்கள் செய்வதும் அதுதான். விளக்கு மினுக்குகிறதா, விளக்கு நிலையாக எரிந்து திரை மட்டும் வெறுமையாக இருக்கிறதா, படம் சிதறி வருகிறதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். மினுக்கினால் பூட்டு கோபித்துக்கொண்டிருக்கிறது. படம் சிதறினால் ஆட்டத்தின் தகவலே சரியாக வந்துசேரவில்லை. கேசட் பற்களை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். இணைப்பானைத் தனியே கழற்றிக் கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்து மாட்டுவார்கள். மீளாவிட்டால் புதியது வாங்கிப் போடுவார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் நான்காவது கால். பெட்டிச் சில்லும் கேசட் சில்லும் ஒரே சில்லு, ஒரே நிரல் என்றோம். அப்படியானால் தான் பூட்டா சாவியா என்பது அதற்கு எப்படித் தெரியும்? நான்காவது காலில் 5 வோல்ட் இருந்தால் அது தன்னைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளும். தரையோடு இணைந்திருந்தால் சாவி என்று நினைத்துக்கொள்ளும். பழுது பார்ப்பவர் சின்ன வெட்டுக்குறடால் பெட்டிச் சில்லின் அந்தக் காலை வெட்டி, தரையோடு பற்றவைத்துவிடுகிறார். இப்போது இரண்டு பக்கமும் சாவி. பூட்டு என்று யாருமே இல்லை. தடுப்பதற்கு ஆளில்லாததால் பெட்டி ஓடுகிறது.

நான் இலக்கியத் திறனாய்வில் இத்தனை துல்லியமான ஒரு கட்டுடைப்பைப் படித்ததில்லை. அதிகாரம் என்று நாம் பயந்தது தனியான ஒரு பொருளல்ல. ஒரே பொருள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஏற்கும் பாத்திரம். இதை உறுதிப்படுத்தியது நிண்டென்டோவே. 1993இல் அது வெளியிட்ட மலிவான, மேலிருந்து செருகும் என்இஎஸ் பெட்டியில் அந்தச் சில்லையே எடுத்துவிட்டது. ஜப்பானியப் பெட்டியில் அது எப்போதும் இருந்ததில்லை. இயந்திரத்துக்குப் பூட்டு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தேவைப்பட்டது ஒப்பந்தத்துக்கு.

5

பூட்டை உடைப்பதில் எல்லா உடைப்பும் ஒன்றல்ல என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அட்டாரி கேம்ஸ் நிறுவனம் இந்தச் சில்லைத் தன் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்று முடியாமல் போனது. 1988இல் அது வேறு வழி கண்டது. நிண்டென்டோ தன் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்திருந்தது. தான் ஒரு வழக்கில் பிரதிவாதி, அதற்காக நகல் தேவை என்று சொல்லி அட்டாரி அதன் நகலை வாங்கிவிட்டது. அப்போது அப்படி ஒரு வழக்கே இல்லை. அந்த நகலின் உதவியோடு எழுதிய சாவிக்கு 'முயல்' என்று பெயர் வைத்து, டெங்கன் என்ற பெயரில் கேசட்டுகளை வெளியிட்டது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒரு நிரலின் கருத்தைப் புரிந்துகொள்வதற்காக அதைப் பிரித்துப் பார்ப்பது நியாயமான பயன்பாடாக இருக்க முடியும். ஆனால் பொய் சொல்லி வாங்கிய நகலை வைத்து அந்த நியாயத்தைக் கோர முடியாது. முயல் நிரலில், வேலைக்குத் தேவையே இல்லாத கட்டளைகளும் மூலத்தில் இருந்தவாறே இருந்தது நகலெடுத்ததற்குச் சாட்சியாயிற்று.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதல்ல. இரண்டு ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா என்று அறிய, பதிப்பாசிரியர் சரியான பாடங்களைப் பார்ப்பதில்லை. இரண்டிலும் ஒரே இடத்தில் வரும் பிழையைப் பார்ப்பார். பிழைதான் பரம்பரையைக் காட்டிக்கொடுக்கும். உ.வே.சா. செய்த வேலையும் அந்த நீதிமன்றம் செய்த வேலையும் முறையியலில் அத்தனை தூரமில்லை.

ஆனால் இந்த வழக்கில் இரண்டு கம்பெனிகள் மோதின, வாங்கியவன் எங்குமில்லை. அவன் வந்தது அதே 1992இல் முடிந்த இன்னொரு வழக்கில். கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகி, ஆட்டத்தின் விதிகளை மாற்றிக்கொள்ள உதவிய கேம் ஜீனி என்ற கருவியைத் தடைசெய்யச் சொல்லி நிண்டென்டோ கேட்டது. வீட்டில் ஒருவர் தான் வாங்கிய ஆட்டத்தை மாற்றி ஆடுவது பதிப்புரிமை மீறல் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. வாசகன் பிரதியைத் தன் விருப்பப்படி வாசிக்கலாம் என்று நாம் கோட்பாட்டில் சொன்னதை அங்கே சட்டம் ஒரு பொம்மைக் கருவியை முன்னிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

6

இதெல்லாம் பூட்டு இருந்த நாடுகளின் கதை. உலகின் பெரும்பகுதிக்கு இந்த இயந்திரம் வேறு வழியில் வந்தது. ஜப்பானியப் பெட்டியில் பூட்டு இல்லாததால், 60 கால் கேசட் கொண்ட அந்த வடிவத்தை நகலெடுப்பது எளிதாக இருந்தது. தைவானில் அதன் மூளைச் சில்லுகளின் நகல்கள் உருவாயின. ரஷ்யாவில் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் நகல் பெட்டி விற்றது. அங்கே பல பிள்ளைகளுக்கு நிண்டென்டோ என்ற பெயரே தெரியாது, டெண்டிதான் தெரியும். பிரேசிலில் மின்னணுப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உள்ளூர் நிறுவனங்களே நகல் பெட்டிகளைச் செய்தன. அவற்றில் சிலவற்றுக்கு 60 கால் கேசட்டுக்கு ஒன்று, 72 காலுக்கு ஒன்று என இரண்டு வாய்கள். ஜப்பானும் அமெரிக்காவும் பிரித்துவைத்ததைப் பிரேசில் பெட்டி ஒன்றாகச் சேர்த்துவைத்தது.

தமிழ்நாட்டுக்கும் 1990களில் வந்தது இந்த நகல் வம்சம்தான். பர்மா பஜாரிலும் ஊர் ஊராக ஃபேன்சி ஸ்டோர்களிலும் விற்ற 'டிவி கேம்'. கேசட் மேல் 9999 ஆட்டம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயரும் தொடங்கும் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும். என் வயதுக்காரர்கள் பலர் கணினியைத் தொடுமுன் தொட்ட மின்னணுப் பொருள் இதுதான். பூட்டின் மினுக்கலை நாங்கள் பார்த்ததில்லை. உரிமையாளர் கண்ணில் எங்கள் பால்யமே ஒரு கள்ளச்சரக்கு.

இதை வைத்து நகலை விடுதலை என்று கொண்டாடிவிட முடியாது. பிந்திய நகல் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு கருப்புப் பிசின் பொட்டுதான் இருக்கும். மூளை, படம், ஒலி எல்லாவற்றையும் ஒரு சில்லுக்குள் அடக்கி, அதன்மேல் பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். வெட்டுவதற்குக் கால் இல்லை, பற்றவைக்க இடமில்லை. இங்கே மெக்கானிக் கையை விரித்துவிடுவார்: "இதுல ஒண்ணும் பண்ண முடியாது, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கங்க." பூட்டு சட்டத்தின் பெயரால் தடுத்தது. பிசின் மலிவின் பெயரால் தடுக்கிறது. திறக்காதே என்பதே இரண்டும் சொல்வது.

திறப்பவனை நாம் எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கையால் செய்கிற வேலையைத் தாழ்ந்ததென்று பிறப்போடு கட்டிவைத்த சமூகம் இது. வடிவமைத்தவன் பொறியாளன், வாங்கியவன் உரிமையாளன், பழுது பார்ப்பவன் மட்டும் 'ரிப்பேர்காரன்'. ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவர், சுற்றுப்படம் இல்லாமல், ஆவணம் இல்லாமல், அறிகுறியை மட்டும் வைத்து ஒரு அமைப்பை உள்ளிருந்து வெளியே எழுதிக்காட்டுகிறார். அது வாசிப்பு இல்லையென்றால் வேறெது வாசிப்பு?

7

பழைய பெட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. சேகாவின் கேம் கியர் கருவியில் கண்டென்சர்கள் கசிந்து பலகையை அரித்து, ஒலி போய், திரை மங்குகிறது. ஆட்டத்தின் இடைநிலையைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளில் பற்றவைத்த சிறு பேட்டரி தீர்ந்ததும் பல வருஷச் சேமிப்பு ஒரு நொடியில் அழிகிறது. ஜப்பானியப் பெட்டியின் அதிகாரபூர்வப் பழுதுபார்ப்பை, உதிரிபாகம் இல்லை என்று நிண்டென்டோ 2007இல் நிறுத்திவிட்டது. இனி அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் உரிமை இல்லாதவர்கள்தான். அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று முறையாக விலைக்குக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மீதியை யார் வைத்திருக்கிறார்கள்? சில்லிலிருந்து தகவலைப் பெயர்த்து நகலெடுத்தவர்கள். அந்தப் பூட்டுச் சில்லின் நிரலே, ஆர்வலர்கள் அதன் மூடியை அகற்றி நுண்ணோக்கியில் வைத்துப் படித்ததால்தான் இன்று எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் எதிர்த் திசையில் போயிருக்கிறது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம், காரணம் எதுவானாலும் மின்னணுப் பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்கியது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் தட்டு இயக்கி பழுதானால் வேறொன்றை மாட்டி ஓட்ட முடியாது. ஒவ்வொரு இயக்கியும் அதனதன் தாய்ப்பலகையோடு ரகசியச் சாவியால் கட்டப்பட்டிருக்கிறது. பத்தாவது காலோ நான்காவது காலோ வெட்டித் தீர்கிற கதை இல்லை இது. 2021இல்தான் அங்கே ஒரு சிறு விலக்குக் கிடைத்தது: தட்டு இயக்கியைப் பழுது பார்க்க மட்டும் பூட்டைத் தாண்டலாம், வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிவிட வேண்டும். அதற்கான கருவியை விற்பதற்கு அந்த விலக்கு இடம் தரவில்லை. இந்தியாவில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டுவதைத்தான் தண்டிக்கிறது. நோக்கம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம் மெக்கானிக்குகள் நிற்கிற இடம் இருக்கிறது. அச்சொல்லை எடுத்துவிடச் சொல்லும் அழுத்தம் நாளை வரலாம். வந்தால் அது பொம்மைப் பெட்டியோடு நிற்காது. போன், டிராக்டர், மருத்துவமனைக் கருவி எல்லாவற்றிலும் இப்போது சில்லு இருக்கிறது, சில்லு இருக்கும் இடத்தில் பூட்டும் இருக்க முடியும்.

சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது மூல ஏடுகள் நிலைத்ததால் அல்ல. எந்த ஓலையும் சில நூறு வருஷத்துக்கு மேல் தாங்காது. செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் பெயர்த்தெழுதினார், அதை இன்னொருவர் பெயர்த்தெழுதினார். ஏடு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூட்டுச் சில்லு இருந்து, பெயர்த்தெழுதுகிறவனிடம் அத்தாட்சி கேட்டிருந்தால் நமக்கு இலக்கிய வரலாறு என்று ஒன்று இருந்திருக்காது. எதைக் காக்க வேண்டும் என்று அப்போது தீர்மானித்தவர்கள் யார், அவர்கள் விட்டுவிட்டவை எவை என்ற விமர்சனம் நமக்கு உண்டு. அது வேறு விவாதம். நகலெடுக்கும் கை தடுக்கப்படவில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

பழுதுபார்ப்பு உரிமை பற்றி இங்கே பேச்சு தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் அதை 'வாடிக்கையாளர் நலன்' என்ற சொல்லாடலுக்குள் அடைத்தே பேசுகிறார்கள்: செலவு குறையும், குப்பை குறையும். சரிதான். ஆனால் வாங்கியவனுக்குத் திறக்க உரிமை உண்டு என்பதோடு, திறக்கத் தெரிந்தவனின் அறிவும் அறிவுதான், அவன் எடுக்கும் நகலும் ஆவணம்தான் என்று சேர்த்துச் சொல்லாதவரை அது பாதிக் கோரிக்கை. மீதிப் பாதியை எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும்தான் பேச வேண்டும். பேச உட்காரும்போது அந்த மெக்கானிக்கையும் கூப்பிடுவோம்.